கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி

பானட்டைத் தூக்கியதும்
முதலில் எழுந்து வந்தது வாடை.
"ஒரே ஓனர், டாக்டர் வண்டி" என்றார் நெய்னா.
டாக்டர் ஐஸ் பெட்டியில்
நண்டு ஏற்றியிருப்பார் போல.

உச்சிப்புளி கேட்டுக்குக் கிழக்கே
நாலு சவுக்குக் கம்பு, மேலே தகரம்,
இருமுகிற ஒரு மோட்டார்: என் கடை.
"நாளைக் காலை பரமக்குடிப் பார்ட்டி வருது,
எஞ்சின்ல முகம் பார்க்கணும் செலஸ்டி" என்று
ஐந்நூறை நீட்டி,
இருநூறைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
மீதி வேலை முடிந்தபின்னாம்.

சூட்டில் தண்ணீர் படக்கூடாது.
டீ குடித்து வந்து தொட்டால்
இன்னும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
இன்னொரு டீ.

பேட்டரி முனையில் உப்பு
பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது.
கடல் இங்கிருந்து இரண்டு மைல்.
வழி கேட்காமல்
காற்றில் ஏறி வந்து
ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும்
உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

மைனஸைக் கழற்றி,
ஆல்டர்நேட்டருக்கும் ப்யூஸ் பெட்டிக்கும்
ஜவுளிக்கடைப் பையால் முக்காடிட்டேன்.
வைப்பர் குழியில் சீமைக்கருவேல இலை ஒரு படி.
எலி எங்கிருந்தோ இழுத்து வந்த
காரல் கருவாட்டுத் தலை ஒன்று,
கண் இருந்த இடத்தில் மணல்.

டிகிரீசர் அடித்து,
பழைய பல் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன்.
கறுப்பு, பழுப்பு, மறுபடி கறுப்பு,
பிறகு
நானே எதிர்பார்க்காத வெள்ளி.

ரேடியேட்டர் ஓசின் கிளிப்பை
உப்பு தின்று தீர்த்திருந்தது.
அந்த இடத்தில் வலைநூல்.
பதினொரு சுற்று, கடைசியில் ஒரு முடிச்சு.
பாம்பனில் ஆறு வருஷம்
வலைக்குக் கண் போட்ட கை என்னுடையது.
பார்த்ததும் தெரிந்தது,
இது ஆடுகிற பலகையில் நின்று பழகியவன்
இழுக்க இழுக்க இறுகும்படி போட்டது.
டாக்டர் இல்லை.

"வெட்டி எறி, புதுக் கிளிப் மாட்டு" என்றார் நெய்னா.
வெட்டவில்லை. அரை மணி நேரம் அவிழ்த்தேன்.
கிளிப் நாற்பது, அதையும் தரவில்லை.

என் போரில் வருவது சவர்.
உப்பைக் கழுவ உப்பு.
முக்கால்வாசி அதில்தான் ஓடும்.
கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி,
தள்ளுவண்டியில் குடம் பதினைந்து.
உலைக்கு வைத்திருந்த இரண்டில் ஒன்றை
எஞ்சின் மேல் சாய்க்கும்போது
கணக்கு தொண்டையில் வந்து நிற்கும்.

துணியால் ஒற்றி, காற்றடித்துக் காயவைத்து,
முக்காட்டை நீக்கி, மைனஸை மாட்டி
ஸ்டார்ட் பண்ணினேன்.
ஓடியது.
டேப்பட் கவர் ஓரத்தில்
ஒரு சொட்டு.
துடைத்தேன்.
இன்னொரு சொட்டு.
பத்து வருஷத்து அழுக்குதான் இத்தனை நாள்
அதன் வாயைப் பொத்தியிருந்தது.

"பாலிஷ் போட்டு மூடு."
ரப்பருக்குப் போட்டேன், பிளாஸ்டிக்குக்குப் போட்டேன்.
பெல்ட்டைத் தொடவில்லை.
அந்த ஓரத்தையும்.

காலையில் பரமக்குடி வாத்தியார் வந்தார்,
கூட மனைவி, மச்சான், பையில் எலுமிச்சம்பழம்.
சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.
ஏசி கூலிங் எப்படி என்று கேட்டார்.
பானட்டை யாரும் தூக்கவில்லை.

நான் தூக்கினேன்.
"இங்கே பாருங்க சார்."
விரலை வைத்து எடுத்துக் காட்டினேன்,
நுனியில் எண்ணெய்.
நெய்னா என்னைப் பார்த்தார்.
வாத்தியார் விரலைத் தாண்டி
எஞ்சினில் தன் முகத்தைப் பார்த்தார்.
"ரொம்ப நல்லாக் கழுவியிருக்கீங்க."

மச்சான்தான் நாலாயிரம் குறைத்தான்.
எனக்கு அந்த இருநூறு
இன்னும் வரவில்லை.

வலைநூல் இப்போது என் மோட்டார் ஓசில்.
பதினொரு சுற்று சரியாக வந்தது,
அந்த முடிச்சு வரவில்லை.
என் முடிச்சுதான்.
ஒழுகுகிறது,
கொஞ்சம்.